நாள் குறிக்கும் நாயகர்!

தங்கப் பூச்சு மின்னும் ஒரு தட்டு. தட்டின் நடுவே ஒரு மனிதனின் உள்ளங்கை அச்சு. அந்த அச்சிலே தன் கையைப் பொருத்தி, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறான் ஒரு தமிழ் இளைஞன். கைப்பேசியிலே இந்தப் படத்தைக் காட்டியவன் என் நண்பனின் தம்பி. கசாக்ஸ்தான் நாட்டின் அல்மாட்டி நகரத்திலே மருத்துவம் பயின்று பட்டத்தோடு ஊர் திரும்பியவன். விடுமுறையின்போது தலைநகர் அஸ்தானாவுக்குச் சென்றானாம். அங்கே பைத்தெரெக் என்றொரு கோபுரம். அதன் உச்சிக் கூண்டிலே இருக்கிறது இந்தக் கை. நாட்டின் முதல் அதிபர் நூர்சுல்தான் நசர்பாயேவின் கை! அதிலே கை வைத்து எதை வேண்டினாலும் பலிக்கும் என்பது அங்கு வருவோரின் நம்பிக்கையாம். வரிசையிலே நின்று கை வைத்துவிட்டு வருகிறார்களாம்.

"நீ என்னப்பா வேண்டினாய்?" என்று கேட்டேன்.

"தேர்விலே தேறவேண்டும் என்று வேண்டினேன் அண்ணா. தேறிவிட்டேனே!" என்றான்.

நம்மூர் அரசமரத்தைச் சுற்றுவதை எள்ளி நகையாடும் பிள்ளைதான் அவன். விமானம் ஏறிப் போனதும் அரசமரத்துக்குப் பதில் அரசாங்கத்துக் கை! சரி, இளமைக் குறும்பு என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி செய்தது அடுத்து அவன் சொன்ன சொல்.

"அண்ணா! 2022ஆம் ஆண்டுத் தேர்தலை அங்கிருந்தே பார்த்தேன். எவ்வளவு அமைதி தெரியுமா! கொடிச் சண்டை இல்லை, குழாய் ஒலிபெருக்கி இல்லை, வசைமாரி இல்லை. ஒருவருக்கே ஊர் முழுவதும் ஓட்டுப் போடுகிறது. எண்பத்தொரு விழுக்காடு! நம் நாட்டில் எவருக்கு வரும்? நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும் அண்ணா!"

அப்படி ஒருவர் வேண்டும்! தோழர்களே, இந்தச் சொல்லை இவன் ஒருவனிடம் மட்டும் கேட்டிருந்தால் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டேன். ஆசிரியர் அறையிலே கேட்கிறேன். தேநீர்க் கடையிலே கேட்கிறேன். பகுத்தறிவுப் படிப்பகத்திலேயே, பத்து நூல்களைப் புரட்டிய இளைஞர் வாயிலும் கேட்டேன். கட்டிப்போட ஒரு கை வேண்டுமாம், எதிர்த்துப் பேச எவரும் இருக்கக்கூடாதாம், அப்போதுதான் நாடு உருப்படுமாம். கடவுளைக் கைவிட்டவன்கூட மனித உருவிலே ஒரு கடவுளைத் தேடித் திரிகிறான்! ஆகவே தம்பி பார்த்த அந்தத் தேர்தலையும், அதற்கு முன் அந்த நாட்டில் நடந்த தேர்தல்களையும் சற்றே விரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைக் கேட்டேன் தம்பியிடம். "அந்தத் தேர்தல் நடந்திருக்க வேண்டிய ஆண்டு எது?" விழித்தான். 2024 என்றேன். 2019இல் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காசிம்-ஜொமார்ட் டொக்காயேவ். ஐந்தாண்டு முடியவில்லை. மூன்றாண்டும் சில திங்களுமே கழிந்திருந்தன. யாரும் அவரைக் கவிழ்க்கவில்லை, நாடாளுமன்றம் அவர்மீது நம்பிக்கை இழக்கவில்லை, நோய் வந்து படுக்கவில்லை. அவரே முன்வந்து, "முன்கூட்டியே தேர்தல்!" என்றார். தேர்தலும் நடந்தது, அவரே வென்றார்.

இது ஒருமுறை நேர்ந்த புதுமை என்று எண்ண வேண்டாம். 1991 முதல் 2022 வரை அந்த நாட்டிலே அதிபர் தேர்தல் ஏழு முறை நடந்தது. அவற்றுள் 1999, 2011, 2015, 2019, 2022 ஆகிய ஐந்தும் காலத்துக்கு முன்பே நடத்தப்பட்டவை! ஏழில் ஐந்து! பருவம் தவறிப் பெய்வதே அங்கே பருவம். நம்மவர் திருமணத்துக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டி முகூர்த்தம் பார்க்கிறார்கள், பார்த்துப் பயனில்லை என்று நாம் பரிகசிக்கிறோம். கசாக்ஸ்தான் ஆட்சியாளர் பார்த்த முகூர்த்தமோ ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. கோளும் நாளும் பார்க்கவில்லை அவர்கள். எதிரி எழுந்து நிற்கிறானா, குனிந்து செருப்பு மாட்டிக் கொண்டிருக்கிறானா என்று பார்த்தார்கள்!

1998ஆம் ஆண்டுக்குப் போவோம். நசர்பாயேவ் 1991 திசம்பரில் தனியொருவராய்ப் போட்டியிட்டு 98.7 விழுக்காடு பெற்றவர். போட்டியே இல்லாத போட்டி. 1995இல் பொதுவாக்கெடுப்பு ஒன்றை நடத்தித் தம் பதவிக்காலத்தை 2000 திசம்பர் வரை நீட்டிக் கொண்டார். தேர்தலை நேருக்கு நேர் சந்திக்காமல் அதன் பக்கவாட்டிலே நழுவிப் போனார் என்க. 1998 அக்டோபரில் திடீரென்று நாடாளுமன்றம் கூடியது. அரசியல் சட்டத்தைத் திருத்தியது. ஐந்தாண்டுப் பதவியை ஏழாண்டாக்கியது. அதே மூச்சில், 2000இல் வரவேண்டிய தேர்தலை 1999 சனவரி 10ஆம் நாளுக்கு இழுத்து வந்தது. இடையே இருந்தது மூன்றே திங்கள்!

ஏன் இந்த ஓட்டம்? அகெஜான் கஜிகெல்தின் என்பவர் முன்னாள் தலைமை அமைச்சர். நசர்பாயேவை எதிர்த்து நிற்கும் ஆற்றல் உடையவர் என்று பேசப்பட்டவர். அவர் என்ன குற்றம் செய்தார்? பதிவு செய்யப்படாத ஓர் அமைப்பின் கூட்டத்திற்குச் சென்றார். அந்த அமைப்பு கேட்டது என்ன? நேர்மையான தேர்தல்! நேர்மையான தேர்தல் கேட்கும் கூட்டத்துக்குப் போனதற்காக வழக்குமன்றம் அவரைத் தண்டித்தது. அவ்வாறு தண்டனை பெற்றவர் ஓராண்டுக்குள் வேட்பாளராக முடியாது என்ற விதி, அதே ஆண்டு மே திங்களில்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் வெளியே நின்றார். நசர்பாயேவ் உள்ளே சென்று ஏறத்தாழ 81 விழுக்காடு பெற்றார். பொதுவுடைமைக் கட்சியின் அப்தில்தின் 12 விழுக்காட்டளவில் பெற்றார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சனவரியில் வாக்கு. ஏப்பிரலில் அந்நாட்டு நாணயமான தெங்கேயின் கட்டு அவிழ்த்து விடப்பட்டது, மதிப்பு மளமளவென்று சரிந்தது. 1998இல் உருசியப் பொருளாதாரம் நொறுங்கியபோதே இந்த இடி தம் தலையிலும் இறங்கும் என்று அஸ்தானா அறிந்திருக்காதா? கூலிக்காரன் கையிலிருந்த காசு கரைவதற்கு முன்பே அவன் வாக்கைப் பெட்டியில் போட வைத்துவிட்டார்கள். உண்டபின் விலை சொல்லும் உணவு விடுதி உண்டல்லவா, அது போல!

2005ஆம் ஆண்டுத் தேர்தலை விரைந்து கடக்கிறேன். அதிலே அவசரம் இல்லை, அச்சம் இருந்தது. அண்டை நாடான கிர்கிஸ்தானில் அவ்வாண்டு மார்ச்சில் மக்கள் எழுந்து அதிபரை விரட்டியிருந்தார்கள். நவம்பரில், வாக்குப் பதிவுக்குச் சில வாரங்களே இருக்கையில், ஆட்சியை எதிர்த்துப் பேசிவந்த முன்னாள் அமைச்சர் சமன்பெக் நுர்காதிலோவ் தம் வீட்டிலே பிணமாகக் கிடந்தார். மார்பிலே இரு குண்டுகள், தலையிலே ஒரு குண்டு. தற்கொலை என்றது அரசு விசாரணை. மூன்று குண்டுகளால் ஒரு தற்கொலை! வாக்கு எண்ணிக்கையில் நசர்பாயேவுக்கு 91.15 விழுக்காடு வந்தது. அடுத்த பிப்பிரவரியில் மற்றோர் எதிர்க்கட்சித் தலைவர் அல்டின்பெக் சர்சென்பாயேவ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2011 வேறு வகை விந்தை. தேர்தலே வேண்டாம், அதிபர் 2020 வரை இருக்கட்டும், அதற்குப் பொதுவாக்கெடுப்பு நடத்துக என்று ஒரு விண்ணப்பம் கிளம்பியது. ஐம்பது இலட்சம் கையெழுத்துகள் திரண்டன என்றார்கள். நாடாளுமன்றம் தலையாட்டியது. விண்ணப்பம் அரசியல் சட்டக் குழுவின் முன் சென்றது. சனவரி 31ஆம் நாள், இது சட்டத்துக்குப் பொருந்தாது என்றது குழு. "ஆகா, நீதி நிலைத்தது!" என்று நாம் கைதட்டப் போகிறோம். பொறுங்கள்! பிப்பிரவரி 2ஆம் நாளே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. தாம் விரும்பியபோது முன்கூட்டியே தேர்தலை அறிவிக்கும் உரிமை அதிபர் கைக்கு வந்தது. பிப்பிரவரி 4ஆம் நாள் அறிவிப்பு. ஏப்பிரல் 3ஆம் நாள் வாக்குப் பதிவு. நான்கே நாளில் தீர்ப்பு, திருத்தம், தேர்தல் ஆணை! நம் பள்ளிக் கட்டடத்துக்கு ஓர் ஓடு மாற்ற ஆணை வாங்க எத்தனை திங்கள் ஆகிறது என்பதை அறிந்தவன் நான். அந்த விரைவைக் கண்டு எனக்கு வியப்பல்ல, வெட்கமே வந்தது.

முன்னறிவிப்பின்றி இரண்டு திங்களில் தேர்தல் என்றால் எதிர்க்கட்சி என் செய்யும்? வேட்பாளரைத் தேட வேண்டும், வாக்காளரிடம் கையெழுத்துகள் திரட்ட வேண்டும், பணம் திரட்ட வேண்டும், ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும். நிலப்பரப்பிலே உலகின் ஒன்பதாவது பெரிய நாடு அது! முதன்மையான எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. களத்தில் எஞ்சியவர் நால்வர். அவர்களுள் ஒருவர் சுற்றுச்சூழல் ஆர்வலர் மெல்ஸ் எலெயுசிசோவ். வாக்குப் பதிவு நாளன்று அவர் யாருக்கு வாக்களித்தார் தெரியுமா? நசர்பாயேவுக்கு! அவரே வெளிப்படையாய்ச் சொன்னார். தம்மை எதிர்த்து நிற்பவருக்கே தாம் வாக்களிக்கும் வேட்பாளர்! மல்யுத்தத்திலே எதிரியின் கையைப் பிடித்து உயர்த்திவிட்டுத் தானே படுத்துக்கொள்ளும் மல்லனைக் கண்டதுண்டா? அங்கே கண்டார்கள். நசர்பாயேவுக்கு 95.55 விழுக்காடு. வாக்குப் பதிவைப் பெருக்கிக் காட்ட உள்ளூர் அதிகாரிகள் தலையிட்டதை ஐரோப்பியப் பார்வையாளர்கள் குறித்து வைத்தனர்.

அந்த 95.55இன் நிறம் எட்டே திங்களில் வெளுத்தது. 2011 திசம்பர் 16, நாட்டின் விடுதலை நாள். மேற்கே எண்ணெய் ஊரான ஜனஓசெனில், திங்கள் கணக்கில் வேலைநிறுத்தம் செய்துவந்த தொழிலாளர்மீது காவலர் துப்பாக்கி பாய்ந்தது. அரசுக் கணக்கிலேயே பதினைந்து உயிருக்குக் குறையவில்லை. அந்தத் தொழிலாளருக்குத் துணை நின்ற அல்கா கட்சியின் தலைவர் விளாடிமிர் கோஸ்லோவுக்கு 2012இல் ஏழரை ஆண்டுச் சிறை. கட்சிக்கு? தடை! எதிர்க்கட்சி இல்லாத நாடு என்று பூகோள நூலில் எழுதுவதுபோல் எழுதிவிடுகிறார்கள். மலை இல்லாத நாடு, கடல் இல்லாத நாடு என்பதுபோல. எதிர்க்கட்சி இல்லாமை இயற்கை வளக் குறைவன்று தோழர்களே. அது பதிவு மறுத்து, சிறை வைத்து, தடை போட்டு உழைத்து உண்டாக்கிய விளைச்சல்.

2015க்கு வருவோம். 2016இல் வரவேண்டிய தேர்தல். பிப்பிரவரியில் மக்கள் பேரவை என்ற அமைப்பு எழுந்து, "பொருளாதார நெருக்கடி வருகிறது, மக்கள் தம் தலைவருக்குப் புதிய நம்பிக்கையை அளிக்க வேண்டும், உடனே தேர்தல் வேண்டும்" என்றது. பேரவையின் தலைவர் யார்? நசர்பாயேவ்தான்! தம் பேரவை தம்மிடம் கேட்டதைத் தாம் தட்ட முடியாமல் ஏப்பிரல் 26ஆம் நாள் தேர்தல் வைத்தார். போட்டியாளர் இருவர். ஒருவர் மேலைநாட்டுப் பண்பாடு நாட்டைக் கெடுக்கிறது என்று முழங்கினார். மற்றவர் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். அதிபரைப் பற்றி? அந்தப் பக்கமே அவர்களின் பேச்சு போகவில்லை. முடிவு: நசர்பாயேவ் 97.75, ஒருவர் 1.61, மற்றொருவர் 0.64. (பைத்தெரெக்கின் உச்சிக் கூண்டு 97 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைநகர் மாற்றப்பட்ட 1997ஆம் ஆண்டின் நினைவாம். விழுக்காட்டையும் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியவர் யாரோ!)

இந்த எண்ணைக் கண்டு உலகம் சிரிக்கும் என்று அவருக்கே தெரிந்தது. மறுநாள் செய்தியாளரிடம் பேசும்போது, மிகு மக்களாட்சி நாடுகளுக்கு இந்த எண் ஏற்காததாயிருந்தால் பொறுத்தருள வேண்டும், நான் தலையிட்டுக் குறைத்திருந்தால் அது மக்களாட்சிக்கு மாறாகியிருக்கும் என்ற பொருளிலே சொன்னார். எத்தகைய பணிவு! கொடுக்கும் அன்பைத் தடுக்க முடியாமல் தவித்தாராம்.

நான்கு திங்கள் சென்றன. ஆகஸ்ட் 20ஆம் நாள் தெங்கே மீண்டும் கட்டவிழ்த்து விடப்பட்டது. ஒரே நாளில் அதன் மதிப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வீழ்ந்தது. 1999ஐ நினைவிற் கொள்ளுங்கள்: முதலில் வாக்கு, பிறகு வீழ்ச்சி. 2015: முதலில் வாக்கு, பிறகு வீழ்ச்சி! காலையில் நூறு தெங்கே வைத்திருந்த ஆசிரியன் மாலையில் எழுபத்தைந்துக்குரிய பொருளே வாங்க முடியும். அந்த ஆசிரியனிடம் அன்று மாலை வாக்குச்சீட்டைக் கொடுத்திருந்தால்? கொடுக்கமாட்டார்கள். அதற்காகத்தான் ஏப்பிரலிலேயே வாங்கிக் கொண்டார்கள். முன்கூட்டிய தேர்தலின் முழு இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. குறித்த நாளில் வரும் தேர்தல் குடிமகனின் சொத்து. "அந்த நாள் வரட்டும், கணக்குக் கேட்கிறேன்" என்று அவன் காத்திருக்கலாம், கூடிப் பேசலாம், ஆளைத் தேர்ந்து வைக்கலாம். நாளை ஆள்பவன் எடுத்துக் கொண்டுவிட்டால், கணக்கு எப்போது கேட்கப்பட வேண்டும் என்பதைக் கடன்காரனே முடிவு செய்கிறான்.

நான் ஆசிரியன். இப்படி எண்ணிப் பார்க்கிறேன். நானே தேர்வு எழுதுகிறேன், நானே வினாத்தாள் குறிக்கிறேன், நன்றாய்ப் படிக்கும் மாணவனை வருகைப் பதிவில் குறை காட்டி வெளியே நிறுத்துகிறேன், மற்றவன் நூலைத் திறக்குமுன் "நாளைக்கே தேர்வு!" என்கிறேன். பிறகு தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கிவிட்டேன் என்று ஊர் முழுவதும் மிட்டாய் கொடுக்கிறேன். மிட்டாயைத் தின்றவன் மட்டும் என்னை அறிஞன் என்பான்.

வேட்பாளருக்கு அங்கே மொழித் தேர்வும் உண்டு. கசாக் மொழியைப் பேசவும் எழுதவும் வல்லவரே அதிபராகலாம். தாய்மொழி அறியாதவன் நாட்டுக்குத் தலைவனாகலாமா என்று கேட்டால், கூடாது என்றே நானும் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள். நெஞ்சுக்கு இனிக்கும் விதி. ஆனால் 2011இல் அந்தத் தேர்விலேயே பலர் வீழ்ந்தார்கள். பல்லாண்டு உருசியமே ஆட்சி செலுத்திய நாட்டில் எத்தனை பேர் நாக்கு தடுமாறும் என்பதைக் குழு அறியும். நல்ல மொழிப்பற்றைத் தாழ்ப்பாளாக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2017இல் மேலும் இரு தாழ்ப்பாள்கள். தாமாகவே வேட்பாளராக முன்வரும் உரிமை போயிற்று, பதிவுபெற்ற அமைப்பே நிறுத்த வேண்டும். அரசுப் பணியிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியிலோ ஐந்தாண்டு இருந்தவராகவும் இருக்க வேண்டும். ஜனஓசெனில் எண்ணெய் இறைத்தவன் ஆயுள் முழுவதும் இறைத்தாலும் வேட்பாளன் ஆக முடியாது!

2019 மார்ச்சு 19. முப்பதாண்டு ஆட்சி செய்த நசர்பாயேவ் பதவி விலகினார். டொக்காயேவ் இடைக்கால அதிபரானார். ஆன நான்கைந்து நாளிலேயே தலைநகரின் பெயரை நூர்சுல்தான் என்று மாற்றினார். ஏப்பிரலில் தேர்தல் அறிவிப்பு, சூன் 9ஆம் நாள் வாக்குப் பதிவு. மீண்டும் இரண்டே திங்கள். அந்த இரண்டு திங்களில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அல்மாட்டியில் நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயம். வழியோரத்தில் இளைஞர் இருவர் ஒரு பதாகையை உயர்த்தினார்கள். உண்மையிடமிருந்து ஓடித் தப்ப முடியாது என்பது அதில் இருந்த செய்தி. பதினைந்து நாள் சிறை! மேற்கே ஊரால்ஸ்க் நகரச் சதுக்கத்தில் மற்றோர் இளைஞர் ஒரு தாளை ஏந்தி நின்றார். அதில் ஒரெழுத்தும் இல்லை. வெற்றுத் தாள்! எழுதாததற்குக் காவலர் பிடிப்பார்களா என்று பார்ப்போம் என்றே நின்றார். பிடித்தார்கள். நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். என்ன குற்றம் என்று சொல்ல வழியில்லாமல் விட்டார்கள்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அவர்கள் விரும்பித்தானே அண்ணா ஓட்டுப் போட்டிருப்பார்கள்? எண்ணெய் வளம், அகலச் சாலை, அமைதி எல்லாம் இருக்கிறதே!" என்றான்.

இருக்கிறது. மறுக்க வேண்டியதில்லை. 1991இல் வறுமையில் நின்ற நாடு எண்ணெயால் எழுந்தது. செமிபலட்டின்ஸ்க் அணுச் சோதனைக் களத்தை மூடியதும், சோவியத்து விட்டுச் சென்ற அணுகுண்டுகளைத் திருப்பி அனுப்பியதும் நசர்பாயேவ் காலத்துச் செயல்கள். நாம் போற்றத்தக்கவை. நேர்மையாய் ஒரு தேர்தல் வைத்திருந்தால் 1999இல் அவர் வென்றே இருக்கக்கூடும். அதுதான் எனக்கு இன்னும் வியப்பு! வெல்லக்கூடியவர் ஏன் அஞ்சினார்? எவரும் எதிர்க்காத ஆண்டுகள் பல கழிந்தால், எதிர்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை ஆள்பவனே அறிய முடியாமற் போகிறது. தொண்ணூற்றேழு என்று தம் அதிகாரி கொண்டு வந்து கொடுத்த எண்ணை அவனே நம்பவில்லை. நம்பியிருந்தால் வெற்றுத் தாளைக் கண்டு நடுங்குவானா?

"நீ அல்மாட்டியில் இருந்தாயே, 2022 சனவரியில் விடுதியில் என்ன செய்தாய்?" என்றேன் தம்பியை. அவன் முகம் மாறிற்று. இணையம் நாள்கணக்கில் அறுந்து கிடந்ததையும், வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் படுத்ததையும், ஊரிலே அம்மா அழுதுகொண்டிருந்ததையும் சொன்னான். ஜனஓசெனில்தான் அதுவும் தொடங்கியது. வண்டிகளுக்கு ஊற்றும் எரிவளியின் விலை ஏறியதை எதிர்த்து, சனவரி 2ஆம் நாள். சில நாளில் நாடெங்கும் பரவியது. தால்திகோர்கான் நகரில் நசர்பாயேவின் சிலையைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தார்கள். முன்னறிவிப்பின்றிச் சுடுக என்று ஆணையிட்டார் டொக்காயேவ். வெளிநாட்டுப் படைகள் வந்திறங்கின. அரசுக் கணக்குப்படி இறந்தவர் 238 பேர்.

ஏழாண்டுக்கு முன் 97.75 விழுக்காடு மக்கள் வாழ்த்திய தலைவரின் சிலை அது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர்! அவர்களுள் ஒருவராவது வந்து கயிற்றைப் பிடித்துத் தடுத்தாரா? அந்த நாட்டிலே தேர்தல் குறித்த நாளில் வந்திருந்தால், எதிர்க்கட்சிக்குப் பதிவு கிடைத்திருந்தால், எரிவளி விலையைப் பற்றி ஒருவன் மேடையிலே வாய்விட்டுக் கத்தியிருப்பான், ஓட்டுப் பெட்டியிலே அந்தச் சினம் வடிந்திருக்கும். தம்பி வெறுத்தானே கொடிச் சண்டை, குழாய் ஒலிபெருக்கி, வசைமாரி, அவை கேட்காத ஊரிலேதான் அவன் கட்டிலுக்கடியில் படுத்து வெடிச்சத்தம் கேட்டான்.

அதன் பின்னர் வந்ததே தம்பி புகழ்ந்த அமைதித் தேர்தல். டொக்காயேவ் தம் முன்னவரின் நிழலை உதறினார். தலைநகர் மீண்டும் அஸ்தானா ஆயிற்று. பதவிக்காலம் ஏழாண்டு, ஒரே முறை என்று 2022 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே முறை என்பது நல்ல விதி, வரவேற்போம். ஆனால் அந்த ஏழாண்டை 2024இல் தொடங்கக் காத்திராமல், செப்டம்பரில் அறிவித்து நவம்பர் 20ஆம் நாளே நடத்தினார். மறுபடியும் அதே இரண்டு திங்கள்! மக்களாட்சிக் கட்சி என்ற பெயரில் ஒன்றைப் பதிவு செய்யப் போராடிய ஜன்போலாட் மாமாய் அப்போது காவலில் இருந்தார். டொக்காயேவோடு ஐவர் நின்றனர். அவர்களின் பெயர் நாட்டு மக்களுக்கே புதிது.

டொக்காயேவுக்கு 81.31 விழுக்காடு. இரண்டாமிடம் யாருக்கு? தம்பிக்குத் தெரியவில்லை, அங்கேயே இருந்தவனுக்கு! எவருக்கும் இல்லை என்ற கட்டத்துக்கு. நம் நாட்டில் நோட்டா என்கிறோமே, அது போன்றது. 2004இல் எடுத்துவிட்டு 2021இல் திருப்பித் தந்த கட்டம். அது 5.8 விழுக்காடு பெற்றது. ஐந்து வேட்பாளருள் எவரும் நான்கு விழுக்காட்டைத் தொடவில்லை. மேடை ஏறாத, வாய் திறவாத, முகமே இல்லாத "எவருமில்லை" என்பவர் அந்த நாட்டின் முதன்மை எதிர்க்கட்சித் தலைவரானார்! இன்னொன்று: தம்பி வாழ்ந்த அல்மாட்டியில், நாட்டின் மிகப் பெரிய நகரத்தில், நூற்றுக்கு முப்பது பேர்கூட வாக்களிக்க வரவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவன் கண்ட அமைதி அது.

2022இல் எழுதிய கணக்குப்படி இந்தப் பதவிக்காலம் 2029இல் முடிய வேண்டும். 2005இல் எழுதிய ஏழாண்டுக்கும், 2011இலும் 2015இலும் 2019இலும் எழுதிய ஐந்தாண்டுகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதை ஒரு தாளிலே வரிசையாய் எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். படித்தான். "2029 வரை பொறுத்திருப்பார்களா அண்ணா?" என்று கேட்டான்.

"நாள் குறிப்பவரிடம் கேள். நீதான் அந்தக் கையைத் தொட்டு வந்தவனாயிற்றே" என்றேன்.